சோடாக் கெக் மூடி காஸ் விடுகிறதா? எதைப் பூசலாம், எதைப் பூசவே கூடாது

கெக் எனப்படும் 19 லீற்றர் எவர்சில்வர் உருளை ஒன்றை வாங்கி வீட்டிலோ கடையிலோ இஞ்சிச் சோடா, தேசிக்காய்ச் சோடா அடிக்கத் தொடங்கியவருக்கு முதல் தலையிடி மூடிதான். இரவு காபனீரொட்சைட்டுக் காஸ் ஏற்றிவிட்டுப் படுத்தால் விடிய சிலிண்டர் காலி, சோடா சப்பென்று கிடக்கும். வெளிநாடுகளில் இதே கெக்கைப் பியர் காய்ச்சுகிறவர்களும் பாவிக்கிறார்கள். இலங்கையில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் வீட்டில் மது உற்பத்தி செய்வது மதுவரிக் கட்டளைச் சட்டப்படி குற்றம். ஆகவே இங்கு சொல்வதெல்லாம் சோடாவுக்கு. மூடிக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

இது போத்தல் மூடி போல வெளியிலிருந்து இறுகுவதல்ல. நீள்வட்டமான மூடியைச் சரித்து உள்ளே விட்டு, திருப்பி, மேலே இழுத்து, அதன் மேலுள்ள கம்பிப் பிடியை மடக்குகிறோம். மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையமான ஓரிங்கைக் கெக்கின் வாயோடு அழுத்திப் பிடிப்பது உள்ளே இருக்கும் காஸ்தான். காஸ் வரும்வரை மூடியைத் தாங்கிக்கொள்வது மட்டுமே கம்பியின் வேலை. 5 பிஎஸ்ஐ அழுத்தத்தில் உஸ் என்று இரைகிற மூடி 30 பிஎஸ்ஐயில் வாயை மூடிக்கொள்வது இதனால்தான். பூச்சு ஒட்டுப்பசை அல்ல. ரப்பர் வழுக்கிப் போய்த் தன் இடத்தில் உட்கார உதவும், மயிரிழைக் கீறல்களை நிரப்பும், அவ்வளவுதான். வெடித்த ஓரிங்கையும் நசுங்கிய வாயையும் எந்தப் பூச்சும் காப்பாற்றாது.

முதலில் கசிவது மூடிதானா என்று பாருங்கள். பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு தேக்கரண்டியை ஒரு கோப்பைத் தண்ணீரில் கலக்கி, பழைய பல்துலக்கியால் மூடி விளிம்பு, மூடி நடுவிலுள்ள பாதுகாப்பு வால்வு, காஸ் போகும் முனை, சோடா வரும் முனை எல்லாவற்றிலும் தடவுங்கள். பெரிய கசிவு குமிழ் விடும். சின்னக் கசிவு அப்படியல்ல, வலையில் பட்ட நண்டின் வாயில் நுரை கட்டுவதைப் போல ஒரே இடத்தில் வெள்ளையாகக் கட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்த்தால்தான் அது தெரியும். நுரை மூடி விளிம்பில் இல்லாமல் முனையின் அடியில் இருந்தால், மூடிக்கு எவ்வளவு பூசியும் பயனில்லை. முனையைக் கழற்றி உள்ளேயிருக்கும் சின்ன ஓரிங்கைப் பாருங்கள்.

ரெகுலேட்டர் முள் இறங்குவதை வைத்து முடிவெடுப்பதில் ஒரு பொறி இருக்கிறது. கெக்கில் சோடா இருந்தால் காஸ் தண்ணீருக்குள் கரையும், கசிவே இல்லாவிட்டாலும் முள் இறங்கும். சூட்டில் நின்ற கெக்கை ஃபிரிட்ஜில் வைத்தாலும் இறங்கும். வெறும் கெக்கில் 30 பிஎஸ்ஐ ஏற்றி, சிலிண்டரைப் பூட்டி, ஒரே இடத்தில் இரவு முழுக்க விட்டுப் பார்ப்பதே சரியான சோதனை.

இனிப் பூச்சு. முதல் தெரிவு உணவுத்தர சிலிக்கன் கிரீஸ். தண்ணீரில் கரையாது, மணமில்லை, ஃபிரிட்ஜ் குளிரிலும் இறுகாது. ஆர்.ஓ. தண்ணீர் வடிகட்டி திருத்துபவர்கள் அதன் கோப்பை ஓரிங்குகளுக்குப் பூசுவது பெரும்பாலும் இதுதான், அவர்களிடம் கேளுங்கள். 1942 ஏப்ரல் 9 மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய ஹெர்மிஸ் போர்க்கப்பலைப் பார்க்க இறங்கும் சுழியோடிகளும் தங்கள் கருவி ஓரிங்குகளுக்குச் சிலிக்கன் கிரீஸ்தான் பாவிப்பார்கள். அவர்களிடம் வாங்கினால் உணவுத்தரம் என்று குழாயில் அச்சிட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அது கிடைக்காவிட்டால் பாமசியில் கிளிசரின் வாங்கலாம். குடிக்கும் பொருளில் பட்டாலும் கெடுதியில்லை, எந்த ரப்பரையும் கெடுக்காது. ஒரே குறை, தண்ணீரில் கரைந்து போகும். எங்கள் கடற்காற்றின் ஈரத்தையும் உறிஞ்சி நீர்த்துவிடும். ஒவ்வொரு தடவை நிரப்பும்போதும் புதிதாகப் பூச வேண்டும்.

வாஸ்லின் எல்லா வீட்டிலும் இருக்கும், அதனால் எல்லோரும் முதலில் எடுப்பது அதைத்தான். ஓரிங் நைட்ரைல் ரப்பர் என்றால், வாசனை சேர்க்காத வெள்ளை வாஸ்லின் பரவாயில்லை. ஈபிடிஎம் ரப்பரும் இயற்கை ரப்பரும் அதில் ஊறி வீங்கும், பிறகு பிசுபிசுத்து இளகும். சிக்கல் என்னவென்றால் நைட்ரைலும் ஈபிடிஎம்மும் கறுப்புத்தான், கண்ணால் பிரிக்க முடியாது. விற்றவருக்கும் தெரியாவிட்டால் வாஸ்லின் பக்கம் போகாதீர்கள். ஓரிங் வெள்ளையாகவோ கண்ணாடி போலவோ மெத்தென்று இருந்தால் அது சிலிக்கன் ரப்பர். அதற்குச் சிலிக்கன் கிரீஸையே பூசினால் நாளடைவில் வீங்கும். அதற்குக் கிளிசரின்தான் பொருத்தம்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். 25 பாகைக்குக் கீழே உறையும் எண்ணெய் அது. மட்டக்களப்புச் சூட்டில் மூடியிலிருந்து வழிந்து சோடாவுக்குள் இறங்கும், 4 பாகை ஃபிரிட்ஜில் வெள்ளைக் கட்டியாக இறுகி ஓரிங்கைத் தூக்கிவிடும். இடையில் காறலும் அடிக்கும், சோடா நுரையையும் கொல்லும். சைக்கிள் கிரீஸ், தையல் மெஷின் எண்ணெய், துரு கழற்ற அடிக்கும் ஸ்பிரே எதுவும் உணவுப் பாத்திரத்துக்கு ஆகாது. புளிப்பு வாடை அடிக்கும் சிலிக்கன் சீலன்ட் வைத்து ஒட்டுகிறவர்களும் உண்டு. பிறகு மூடியைக் கழற்ற உளி தேவைப்படும்.

வேலையைத் தொடங்கமுன் சிலிண்டரைப் பூட்டி, குழாயைக் கழற்றி, பாதுகாப்பு வால்வு வளையத்தை இழுத்து காஸ் முழுவதையும் விடுங்கள். கம்பியைத் தூக்கியும் மூடி கீழே இறங்காவிட்டால் உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கிறது. தட்டவோ நெம்பவோ வேண்டாம், மறுபடி வளையத்தை இழுங்கள்.

ஓரிங்கைக் கழற்றி, கை பொறுக்கும் சுடுநீரில் கழுவுங்கள். காய்ந்த சீனிப்பாகும் இஞ்சித் தும்பும் மடிப்பில் ஒட்டியிருப்பதுதான் பல கசிவுகளுக்குக் காரணம். பிறகு ஒரு பஞ்சுத் துண்டால் கெக்கின் வாயை உட்பக்கமாக ஒரு சுற்று மெல்லத் தடவி வாருங்கள். பஞ்சு நூல் மாட்டி நிற்கும் இடத்தில் முள் போல ஒரு உலோகப் பிசிறு இருக்கிறது. 600ஆம் இலக்க ஈர உப்புத்தாளால் அந்த இடத்தை மட்டும் தேய்த்து, நன்றாகக் கழுவுங்கள். அரம் போடாதீர்கள்.

கிரீஸ் பயறளவு போதும். இரண்டு விரலுக்கிடையில் ஓரிங்கை இழுத்து இழுத்துத் தடவினால் முழு வளையமும் மினுங்க வேண்டும், வெள்ளையாகத் திட்டுத் தெரியக்கூடாது. திட்டுத் தெரிந்தால் கூடிவிட்டது, சோடாவில் படலமாக மிதக்கும். முனைகளின் சின்ன ஓரிங்குகளுக்குக் கடுகளவு.

மூடியைப் போட்டு நடுவுக்குக் கொண்டுவந்து, கம்பியை மடக்கமுன் கையால் மேலே இழுத்துப் பிடித்தபடி 30 பிஎஸ்ஐ காஸ் விடுங்கள். டப் என்று ஏறி உட்காரும். அப்போது கம்பியை மடக்குங்கள். ஒரு நிமிடம் கழித்துத் தேவையான அளவுக்குக் குறைத்து மறுபடி சவர்க்கார நுரை பாருங்கள். காஸ் வேலையைக் கதவு, ஜன்னல் திறந்துவைத்துச் செய்யுங்கள். காபனீரொட்சைட்டு காற்றைவிடப் பாரமானது, மூடிய அறையில் தரையோடு தேங்கும்.

இன்னும் கசிந்தால் மூடியை 180 பாகை திருப்பிப் போடுங்கள். பழைய கெக்குகளில் மூடியும் வாயும் ஒன்றுக்கொன்று பழகித் தேய்ந்திருக்கும். சரியான பக்கம் கிடைத்ததும் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்வது நல்லது. அதற்கும் அடங்காவிட்டால் கம்பியின் இரண்டு கால்களையும் பாருங்கள். கால்களின் ரப்பர் தேய்ந்தாலோ கழன்றாலோ மூடி மேலே இழுபடாது. பழைய சைக்கிள் ரியூப்பில் இரண்டு துண்டு வெட்டி கால்களின் அடியில் வைத்தால் இழுவை கூடும். இரண்டு மூன்று மில்லிமீற்றருக்கு மேல் அடுக்கினால் கம்பி வளையும்.

கச்சான் வீசும் மாதங்களில் நிரப்பிய கெக்கை முச்சக்கரவண்டியில் வெயிலில் கொண்டுபோகாதீர்கள். சூட்டில் அழுத்தம் ஏறும், அடிக்கடி சூடுபட்டால் ரப்பரும் நாளடைவில் கடினப்படும். பாவிக்காத ஓரிங்கைப் பூச்சைத் துடைத்துவிட்டு, பொலித்தீன் பையில் இருட்டில் வையுங்கள். எடுக்கும்போது மெல்ல இழுத்துப் பாருங்கள். மேற்பரப்பில் வரிவரியாக வெடிப்புத் தெரிந்தால் குப்பையில் போட்டுவிட்டு வேறு ஒன்று மாட்டுங்கள்.