ஜமீல் அல்-அமீன் வழக்கைப் படிக்கப் போகிறவர்களுக்கு

முதலில் அவருடைய இரண்டு பெயரிலும் தேடுங்கள். எச். ராப் பிரவுன் என்று போட்டால் அறுபதுகளில் அனல் கக்கிய அமெரிக்கக் கறுப்பினப் பேச்சாளர் வருவார், ஜமீல் அப்துல்லா அல்-அமீன் என்று போட்டால் அட்லாண்டா பள்ளிவாசல் இமாம் வருவார், கூடவே கொலை வழக்கும் வரும். ஒரு பெயரில் மட்டும் படித்துவிட்டு வரிந்துகட்டிக்கொண்டு வாதாடுகிறவர்கள்தான் அதிகம்.

இளமைக் காலத்தை வேகமாகக் கடந்துவிடலாம். 1943இல் லூசியானாவில் பிறப்பு. 1967இல், கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடிய மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழுவின் தலைவர். அதே ஆண்டு ஜூலையில் மேரிலாந்தின் கேம்பிரிட்ஜில் அவர் பேசிய இரவே ஊரில் தீப்பிடித்தது, கலவரத்தைத் தூண்டியதாக வழக்கு. 1970இல் அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ தேடிய முதல் பத்துப் பேரில் ஒருவர், 1971இல் நியூயார்க்கில் துப்பாக்கிச் சண்டைக்குப் பின் கைது, அப்புறம் அட்டிகா சிறை. சிறையில்தான் இஸ்லாத்தைத் தழுவினார். அரசியல் இயக்கங்களை உளவு பார்த்துக் குலைக்க எஃப்பிஐ நடத்திய 'கோயின்டெல்ப்ரோ' என்ற ரகசியத் திட்டத்தில் அவரைக் குறிவைத்ததற்கு ஆவணமே இருக்கிறது, அதனால் ஆதரவாளர்களின் சந்தேகத்தை வெறும் கற்பனை என்று ஒதுக்க முடியாது. ஆனால் 2000இல் காவலர்களைச் சுட்டது யார் என்ற கேள்விக்கு அது சாட்சியம் ஆகாது.

1976இல் வெளியே வந்து அட்லாண்டாவின் வெஸ்ட் எண்டில் ஒரு சின்ன மளிகைக் கடை, பக்கத்தில் பள்ளிவாசல். போதைப்பொருள் விற்பவர்களை அந்தத் தெருக்களிலிருந்து விரட்டியவர் என்ற பெயர் இன்றும் அவருக்கு அங்கே உண்டு.

இனிமேல்தான் நிதானமாகப் படிக்க வேண்டும், அதுவும் துப்பாக்கிச் சூட்டிலிருந்து அல்ல, 1999 மே மாதம் சாலையில் அவருடைய காரை போலீஸ் நிறுத்தியதிலிருந்து. திருட்டுக் கார் என்று ஒரு வழக்கு, காப்பீடு இல்லை என்று ஒன்று, ஒரு போலீஸ் பேட்ஜைக் காட்டியதால் ஆள்மாறாட்டம் என்று இன்னொன்று. அந்த பேட்ஜை நான்தான் கொடுத்தேன் என்றார் அலபாமாவின் வைட் ஹால் மேயர். நீதிமன்றத்துக்கு அல்-அமீன் போகவில்லை, பிடியாணை வந்தது. 2000 மார்ச் 16 இரவு அந்த ஆணையோடு வந்த ஷெரிஃப் துறைக் காவலர்கள் இருவரும் சுடப்பட்டார்கள். ரிக்கி கின்ச்சன் மறுநாள் இறந்தார், ஆல்ட்ரானன் இங்கிலிஷ் பிழைத்தார். இருவருமே கறுப்பினத்தவர், பல கட்டுரைகள் இதைச் சொல்வதே இல்லை. நான்கு நாள் கழித்து அல்-அமீன் பிடிபட்டதும் வைட் ஹாலில்தான்.

சரி, இப்போது ஒரு தாளின் நடுவே கோடு போடுங்கள். ஒரு பக்கம் 'சுட்டது அவரா?', மறுபக்கம் 'விசாரணை ஒழுங்காக நடந்ததா?' இரண்டும் வேறு வேறு கேள்விகள், இவற்றைக் குழப்புவதால்தான் பாதிச் சண்டையே வருகிறது. இங்கிலிஷ் அவரை அடையாளம் காட்டியது, வைட் ஹாலில் கிடைத்த துப்பாக்கிகள் தோட்டாக்களோடு பொருந்தியது, இவை முதல் பக்கத்துக்கு. சுட்டவனின் கண்கள் சாம்பல் நிறம் என்று இங்கிலிஷ் சொன்னார், அல்-அமீனுக்கோ பழுப்புக் கண்கள். சுட்டவனைத் தான் திருப்பிச் சுட்டதாகவும் இங்கிலிஷ் சொன்னார், பிடிபட்டவர் உடம்பில் குண்டுக் காயமே இல்லை. இவையும் அதே பக்கத்தில்தான் வரவேண்டும், பிடிக்காவிட்டாலும். அல்-அமீன் சாட்சி சொல்லாமல் இருந்ததைச் சுட்டிக்காட்டி அரசு வழக்கறிஞர் நிறைவுரையில் வாதாடினார். அது மௌனமாக இருக்கும் அரசியலமைப்பு உரிமையின் மீறல்தான், ஆனால் தீர்ப்பை மாற்றும் அளவுக்கு இல்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019இல் சொன்னது. இது இரண்டாம் பக்கம். சுட்டது நான்தான் என்று வேறொருவர் சொன்னார், பிறகு மறுத்தார். இதை இரண்டு பக்கத்திலும் எழுதிக்கொள்ளுங்கள். 2002இல் தண்டித்த ஜூரியில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர் என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

பரோல் இல்லாத ஆயுள் தண்டனை. மாநில வழக்குக் கைதியை 2007இல் கொலராடோவின் உச்சக் காவல் கூட்டாட்சிச் சிறைக்கு மாற்றினார்கள், இது ஏன் என்று தனியாகத் தேடிப் படிக்கலாம். 2025 நவம்பரில் சிறை மருத்துவமனையில் இறந்தார். அப்போது வந்த அஞ்சலிக் குறிப்புகளைக் கடைசியில் படியுங்கள், படிக்கும்போது இரண்டு விஷயம் மட்டும் பாருங்கள்: கின்ச்சனின் பெயர் இருக்கிறதா, சாம்பல் கண் சாட்சியம் இருக்கிறதா.