முயலுக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை: பசியும் வயிறும் நிற்காமல் காப்பது எப்படி

சந்தையிலோ செல்லப்பிராணிக் கடையிலோ “இரண்டும் பெண்தான்” என்று சொல்லிக் கொடுக்கப்படும் முயல் ஜோடியில் ஒன்று, நான்கு மாதம் ஆவதற்குள் ஆண் என்று தெரியவருவது தமிழ்நாட்டில் முயல் வளர்க்கும் பலருக்கும் நேர்ந்திருக்கும். முயலின் சினைக்காலம் 30 முதல் 32 நாள்தான். ஈன்ற அன்றைக்கே ஆணுடன் சேர்ந்து மறுபடியும் சினைப்படக்கூடிய உயிர் அது என்பதால், பிரித்து வைத்துக்கொள்ளலாம் என்று நாம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கூண்டு நிறைந்துவிடுகிறது. கருத்தடை அறுவைக்குக் குட்டிகளின் எண்ணிக்கை மட்டுமே காரணம் என்று நினைக்க வேண்டாம். கருப்பை நீக்கப்படாத பெண் முயலுக்கு வயது மூன்று, நான்கைத் தாண்டும்போது கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிக அதிகம். தனியாக வளரும் பெண் முயலுக்கும் இது பொருந்தும். ஆண் முயலில், வளர்ந்த பிறகு தொடங்கும் சிறுநீர் பீய்ச்சுதலும் காலைச் சுற்றிச் சுற்றி வந்து கடிப்பதும் அறுவைக்குப் பிறகு பெரும்பாலும் அடங்கிவிடும்.

என் முதல் பெண் முயலை அறுவைக்குக் கொண்டு சென்றபோது, முந்தைய இரவிலிருந்து எதுவும் கொடுக்கக் கூடாது என்று அந்த மருத்துவமனையில் சொன்னார்கள். நானும் கேள்வி கேட்காமல் அப்படியே செய்தேன். தையல் நன்றாகவே இருந்தது. ஆனால் முயல் இரண்டு நாள் புல்லைத் தொடவில்லை, ஒரு புழுக்கைகூடப் போடவில்லை. மூன்றாம் நாள் வேறொரு மருத்துவர் குடலை இயக்கும் மருந்தும் தோலுக்கடியில் திரவமும் கொடுத்துத்தான் அதை மீட்டார். அறுவை முடிய ஒரு மணி நேரம்கூட ஆகாது. முயல் பிழைப்பதும் தவிப்பதும் அதற்கு முன்னும் பின்னும் அதன் வயிறு ஓடிக்கொண்டிருக்கிறதா என்பதைப் பொறுத்தது என்பதை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன்.

நாய்க்கும் பூனைக்கும் பட்டினி போடச் சொல்வதற்குக் காரணம், மயக்கத்தில் அவை வாந்தி எடுத்து அது மூச்சுக்குழாயில் போய்விடக் கூடாது என்பது. முயலால் வாந்தி எடுக்கவே முடியாது; அதன் இரைப்பையின் அமைப்பு அப்படி. மறுபுறம், அதன் குடல் நார்ச்சத்து இடைவிடாமல் வந்துகொண்டிருந்தால்தான் நகரும். சில மணி நேரம் வெறுமையாக இருந்தாலே அசைவு மந்தமாகி, உள்ளே வாழும் நுண்ணுயிர்களின் சமநிலை குலைந்து, வாயு சேர்ந்து, அந்த வலியாலேயே முயல் இன்னும் சாப்பிடாமல் இருந்துவிடும். ஆகவே அறுவை நாளன்று புறப்படும் வரையில் புல்லும் தண்ணீரும் முன்னால் இருக்கட்டும். மயக்க ஊசிக்குச் சற்று முன்பு வாயில் மென்ற புல் தங்கியிருக்காதபடி உணவை எடுத்துவிடுவது மட்டுமே போதும்; அதை மருத்துவமனையிலேயே பார்த்துக்கொள்வார்கள்.

மருத்துவரைத் தேர்ந்தெடுத்தல்

ஆண் முயலுக்கு விதைகள் இறங்கிய பிறகு, அதாவது ஏறக்குறைய மூன்றரை முதல் ஐந்து மாதத்திற்குள்ளும், பெண்ணுக்கு ஐந்தாறு மாத அளவிலும் செய்துகொள்வது ஏற்றது. அதிகம் தள்ளிப்போட்டால் பெண் முயலின் கருப்பையைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து அறுவை கடினமாகிறது. வயது கூடிய முயலுக்கும் செய்யலாம். முன்கூட்டியே இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

நம் ஊர்க் கால்நடை மருத்துவர்கள் பலருக்கும் மாடு, ஆடு, நாய் ஆகியவற்றில் கைப்பழக்கம் அதிகம். முயலுக்கு மயக்கம் கொடுப்பதோ தனிப் பயிற்சி வேண்டும் வேலை. 1903-இல் தொடங்கப்பட்டு இப்போது வேப்பேரியில் இயங்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியிலும், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் மருத்துவமனைகள் உண்டு என்பதால், உங்கள் ஊரில் முயல் அறிந்த மருத்துவர் யார் என்று அங்கே விசாரித்துத் தொடங்கலாம். எங்கு போனாலும் நேரில் சில கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். இதுவரை எத்தனை முயல்களுக்கு இந்த அறுவையைச் செய்திருக்கிறீர்கள், மயக்கத்தின்போது உடல் சூடு குறையாமல் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள், வீட்டுக்கு வலி மருந்து கொடுத்து அனுப்புவீர்களா, முயல் கொஞ்சமாவது சாப்பிட்ட பிறகுதான் அனுப்புவீர்களா என்று கேளுங்கள். ஆண் முயல் விதையை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். அந்த வழி வாழ்நாள் முழுவதும் திறந்தே இருக்கும். அதைச் சரியாக அடைக்காவிட்டால் குடல் அதன் வழியே வெளியே தள்ளக்கூடும் என்பதால், அதை எப்படி அடைப்பார் என்றும் கேட்பதில் தவறில்லை. “இரவிலிருந்து பட்டினி போடுங்கள்” என்று பதில் வந்தால், மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு வேறு மருத்துவரைத் தேடுவதே என் கருத்து.

முந்தைய இரண்டு வாரம்

இந்தக் காலத்தில் உணவைத் திடீரென்று மாற்றாதீர்கள். அருகம்புல், கொழுக்கட்டைப்புல், காய்ந்த புல் என்று எது வழக்கமோ அதுவே தொடரட்டும். வேலிமசால், முயல்மசால் ஆகிய பயறுவகைத் தீவனப் பயிர்களைக் கொடுப்பவர்கள் புதிதாக அளவைக் கூட்ட வேண்டாம். முயல் எந்தக் கீரையைக் கண்டால் ஓடி வருகிறது என்று கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள், கொத்தமல்லியா, புதினாவா, கல்யாண முருங்கை இலையா என்று. அறுவைக்குப் பிறகு அதன் பசியைக் கிளப்ப அந்த ஓர் இலைதான் கைகொடுக்கும். எடையை எழுதி வையுங்கள். ஊசியில்லாத சிரிஞ்சால் தினமும் சிறிது தண்ணீர் கொடுத்துப் பழக்கினால், பிறகு மருந்து கொடுக்கும்போது போராட்டம் இருக்காது.

தும்மல், மூக்கில் சளி, கழிச்சல், காதில் செதில் செதிலாகச் சொறி ஆகியவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லி, தேதியைத் தள்ளிவையுங்கள். நாய்களுக்குத் தடவும் ஃபிப்ரோனில் உண்ணி மருந்தை முயலுக்கு ஒருபோதும் போடாதீர்கள். அது முயலுக்கு நஞ்சு. கத்திரி வெயில் நாட்களில் தேதி குறிக்காமல் இருப்பதும் நல்லது, ஏனெனில் 30 டிகிரிக்கு மேல் போனாலே முயல் வெப்பத்தால் வருந்தத் தொடங்கிவிடும்.

வீட்டில் தரைமட்டத்தில், தாவிக் குதிக்கப் படி எதுவும் இல்லாத ஓர் இடத்தை ஒதுக்குங்கள். கம்பி வலைத் தரையும் மரத்தூளும் புதுத் தையலுக்கு ஆகாது. துவைத்துக் காயவைத்த பழைய பருத்தி வேட்டியை இரண்டு மடிப்பாக விரிப்பதைவிட நல்ல படுக்கை நான் இதுவரை கண்டதில்லை.

அறுவை நாள்

வெயில் ஏறுவதற்கு முன்பே புறப்படுங்கள். கூடையில் புல் நிறைத்து, பழகிய கீரையையும் தனியே எடுத்துச் செல்லுங்கள். பெரும்பாலான மருத்துவமனைகளில் முயலுக்கு ஏற்ற தீனி இருக்காது. காத்திருக்கும் இடத்தில் நாய்களுக்கு எதிரே கூடையை வைக்காமல், ஒரு துணியைப் போர்த்திக் காற்றோட்டமான மூலையில் உட்காருங்கள். நெருங்கிய துணை முயல் இருந்தால் அதையும் உடன் கொண்டு செல்லலாம். நாள் முழுவதும் பிரிந்து வேறு வாசனையோடு திரும்பும் முயலைத் துணையே அடையாளம் தெரியாமல் தாக்குவது உண்டு.

வீடு திரும்பிய முதல் இருபத்துநான்கு மணி நேரம்

முழுக் கவனமும் தேவைப்படுவது இப்போதுதான். முடிந்தால் அன்றைக்கும் மறுநாளும் வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். மயக்கம் தெளியும் முயலின் உடல் சூடு குறைந்திருக்கும். இயல்பான சூடு 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ். 38-க்குக் கீழே போனால் அது அவசர நிலை. காதுகள் சில்லென்று இருந்தால், வெந்நீர்ப் புட்டியைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள், ஆனால் வேண்டாதபோது அது விலகிச் செல்ல இடம் இருக்க வேண்டும். மின்விசிறிக்கு நேர்கீழே படுக்க வைக்காதீர்கள்.

அதற்குப் பிடித்த இலையை மூக்கருகே சிறிது சிறிதாக நீட்டுங்கள். அன்று மாலைக்குள் ஏதாவது கொறிக்க வேண்டும். புழுக்கைகள் முதலில் சிறியதாகவும் குறைவாகவும் வரலாம். ஒரு நாளுக்குள் ஒன்றுமே வரவில்லை என்றால் மருத்துவரை அழைக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் வரை ஒன்றுமே சாப்பிடாமல் இருந்தால், “நாளைக்குப் பார்க்கலாம்” என்று விடாமல் அன்றிரவே பேசுங்கள்.

கையால் ஊட்ட வேண்டியிருந்தால், வழக்கமான முயல் தீவனக் குச்சிகளைப் பொடித்து வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கிக்கொள்ளுங்கள். முயலை மல்லாக்கப் படுக்க வைக்காமல், நான்கு காலில் உட்கார்ந்த நிலையிலேயே, முன்பற்களுக்குப் பின்னால் உள்ள இடைவெளியில் பக்கவாட்டில் சிரிஞ்சை நுழைத்து, ஒவ்வொரு முறையும் ஒரு மில்லியைவிடக் குறைவாக விட்டு, அது மென்று விழுங்கிய பிறகே அடுத்ததைக் கொடுங்கள். வயிறு பந்து போல் உப்பி இறுக்கமாக இருந்தால் எதையும் ஊட்டாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அடைப்போ வாயுவோ இருக்கும்போது மேலும் திணிப்பது உயிருக்கே ஆபத்து.

சாப்பிடாமைக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது வலி. முயல் அழுது காட்டாது. உடலைக் குறுக்கி மூலையில் உட்காருதல், கண்ணைப் பாதி மூடியிருத்தல், பற்களைச் சத்தமாக நறநறவெனக் கடித்தல், வயிற்றைத் தரையில் அழுத்தி நீட்டுதல் ஆகியவைதான் அதன் மொழி. மருத்துவர் எழுதிக் கொடுத்த மெலாக்சிகாம் போன்ற வலி மருந்தை, “நன்றாகத்தானே இருக்கிறது” என்று நடுவில் நிறுத்தாமல், சொன்ன நாள்வரை, சொன்ன அளவில் கொடுங்கள். வீட்டிலுள்ள மாத்திரைகளை உடைத்துக் கொடுக்காதீர்கள். அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளை வாய்வழியாகக் கொடுத்தால் முயலின் குடல் நுண்ணுயிர்கள் அழிந்து முயல் இறந்துபோகலாம். மருந்துச் சீட்டில் இவற்றில் ஏதாவது வாய்வழி மருந்தாக இருந்தால், தயங்காமல் மருத்துவரிடம் மறுபடியும் கேளுங்கள்.

காயமும் தையலும்

காலையும் மாலையும் ஒருமுறை காயத்தைப் பாருங்கள். லேசான சிவப்பும் சிறு தடிப்பும் இயல்பு. ஆண் முயலின் விதைப்பை சில நாள் வீங்கியிருந்து பிறகு சுருங்கிவிடும். சீழ், துர்நாற்றம், தையல் பிரிதல், தொடைப்பகுதியில் திடீரென்று புடைப்பு ஆகியவை தென்பட்டால் காத்திருக்கக் கூடாது. அன்பால் செய்வதுதான் என்றாலும், காயத்தில் மஞ்சள், தேங்காய் எண்ணெய், டெட்டால் எதையும் தடவ வேண்டாம். முயல் நக்கி உள்ளே அனுப்பிவிடும், எண்ணெய்ப் பிசுக்கில் தையலும் ஈரமாகவே இருக்கும். குளிப்பாட்டவும் கூடாது. நம் ஊரில் நான் மிகவும் அஞ்சுவது ஈயைத்தான். காயத்திலோ ஈரமான பின்புறத்திலோ முட்டையிட்டால் புழு வைக்க ஒரு நாள் போதும். வீட்டுக்குள், கொசுவலை போர்த்திய இடத்தில் வைத்து, விரிப்பைத் தினமும் மாற்றுங்கள்.

கழுத்தில் மாட்டும் கூம்பு வளையத்தைத் தையலைக் கடித்தால் மட்டுமே கடைசி வழியாகப் பயன்படுத்துங்கள். முயல் தன் மென்மையான இரவுப் புழுக்கைகளை நேராக வாயால் எடுத்து உண்ண வேண்டும், வளையம் அதைத் தடுத்துவிடும். பழைய பனியனில் தைத்த உடுப்பு பல முயல்களுக்குப் போதுமானது. பெண் முயல் பத்து முதல் பதினான்கு நாள் தாவாமலும் தூக்கப்படாமலும் இருக்க வேண்டும். ஆண் அதைவிட விரைவில் தேறிவிடும்.

மறுபடியும் சேர்த்து விடுதல்

அறுவை முடிந்த ஆண் உடனே பாதுகாப்பானது என்று எண்ணிப் பெண்ணுடன் விட்டுவிடுகிறார்கள். குழாய்களில் மிச்சமிருக்கும் விந்தால் நான்கு முதல் ஆறு வாரம் வரை அது பெண்ணைச் சினைப்படுத்த முடியும். ஆறு வாரம் முடியும்வரை நடுவே வலை வைத்து, ஒன்றையொன்று பார்க்கவும் முகரவும் விட்டு, விரிப்புகளை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுவாருங்கள். அதற்குப் பிறகு, இரண்டும் இதுவரை உரிமை கொண்டாடாத ஓர் அறையில், இரண்டு தட்டுகளில் கீரை வைத்து, பத்து நிமிடம் மட்டும் சேர்த்து விட்டுப் பக்கத்திலேயே அமர்ந்திருங்கள். துரத்தி ரோமத்தைப் பிடுங்கினால் பிரித்துவிட்டு, மறுநாள் அதே அறையில் மீண்டும் தொடங்குங்கள்.