மாதிரி ரயிலைத் தானாக நிறுத்தித் திருப்ப ஒரு டயோடு

12 வோல்ட் நேர்மின்சாரத்தில் (டிசி) ஓடும் மாதிரி ரயிலை இரு நிலையங்களுக்கிடையே தானாகப் போய்வரச் செய்ய, கணினியோ சென்சாரோ தேவையில்லை. பாதையின் ஒவ்வொரு கோடிக்கும் ஒரு டயோடும் (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் சிறு உறுப்பு), மின் திசையை மாற்ற ஒரு டைமர் சுவிட்சும் இருந்தால் போதும்.

கோடியை நோக்கி ஓடும் ரயிலுக்கு வலப்புறமாக அமையும் தண்டவாளத்தை மட்டும் வெட்டி, பிளாஸ்டிக் இணைப்பான் பொருத்தி, அந்த இடைவெளிக்குக் குறுக்கே டயோடின் வெள்ளைக் கோடு முதன்மைப் பாதையின் பக்கம் இருக்குமாறு பற்றவையுங்கள். முன்னோக்கிச் செல்கையில் வலத் தண்டவாளம் நேர்முனையாக இருப்பதே வழக்கம் என்பதால், உள்ளே வந்த எஞ்சினுக்கு மின்சாரம் தடைபட்டு அது நின்றுவிடும். தண்டவாளங்களின் நேர்முனையும் எதிர்முனையும் இடம் மாறியதும் அதே டயோடு மின்சாரத்தை விட, எஞ்சின் திரும்பிப் புறப்படும். முனைகளை மாற்ற டைமருடன் கூடிய இருதுருவ ரிலே (இரு கம்பிகளையும் ஒருசேர மாற்றும் மின்சார சுவிட்ச்) ஒன்றை வையுங்கள். அதன் கால அளவு பயண நேரத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். டயோடு 3 ஆம்பியர் தாங்கும் 1என்5401 வகையாக இருப்பது நல்லது.

பலர் கவனிக்கத் தவறுவது, வெட்டுக்கும் கோடிக்கும் இடைப்பட்ட பகுதி போதிய நீளமாக இருக்கவேண்டும் என்பதைத்தான். மின்சாரம் எடுக்கும் கடைசிச் சக்கரம் இடைவெளியைக் கடக்கும்வரை எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். கனமான சுழல்சக்கரம் உள்ள எஞ்சின் அதன் பிறகும் சிறிது தூரம் உருளும். உள்விளக்கு எரியும் பெட்டிகளின் சக்கரங்கள் இடைவெளியின் மேல் நின்றால், அவை இருபுறத்தையும் இணைத்து டயோடையே பயனற்றதாக்கிவிடும். டிசிசி (எஞ்சின்களுக்குத் தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை) பாதைக்கு இம்முறை பொருந்தாது.