ஜூலியா குவாட்ரிஃபோலியோவை லீஸுக்கு எடுக்கிறீர்களா? மாத வாடகை மட்டும் கணக்கல்ல

பிரிட்டனில் ஆல்ஃபா ரோமியோ ஜூலியா குவாட்ரிஃபோலியோ காரைத் தனிநபர் லீஸுக்கு எடுக்கும் வழக்கமான முறை பர்சனல் கான்ட்ராக்ட் ஹயர். 24, 36 அல்லது 48 மாதம் வாடகை கட்டி ஓட்டுவீர்கள். முடிந்ததும் திருப்பிக் கொடுப்பீர்கள். வண்டி கடைசிவரை உங்கள் பெயருக்கு வராது. சொந்தமாக்கிக்கொள்ளும் ஆசை கொஞ்சம் இருந்தாலும் இந்த ஒப்பந்தம் வேண்டாம்.

விளம்பரத்தில் மாத வாடகைக்குப் பக்கத்தில் சின்னதாக ‘9+35’ என்று இருக்கும். முதல் தவணை ஒன்பது மாத வாடகை, பிறகு 35 மாதம் என்று அர்த்தம். மாதம் 800 பவுண்டு என்று வைத்துக்கொண்டால் 44 வாடகை, மொத்தம் 35,200. இன்னொருவர் ‘1+35’ முறையில் மாதம் 950 கேட்டால் மொத்தம் 34,200தான். பார்வைக்கு 150 அதிகம். உண்மையில் 1,000 குறைவு. புரோக்கர் கட்டணத்தையும் சேர்த்து, மொத்தத் தொகையை வைத்தே ஒப்பிடுங்கள். விலையில் வாட் வரி அடங்கியிருக்கிறதா என்றும் கேளுங்கள். நிறுவனங்களுக்கான விளம்பரங்களில் அது சேர்ந்திருக்காது.

முதல் தவணை டெபாசிட் அல்ல, திரும்பி வராது. மூன்றாம் மாதமே வண்டி திருடு போனாலும் போனதுதான். அதனால் முதல் தவணை சிறியதாக இருப்பதே நல்லது. இன்சூரன்ஸ் கொடுக்கும் தொகைக்கும் லீஸ் நிறுவனம் கேட்கும் தொகைக்கும் உள்ள இடைவெளியை அடைக்க கேப் இன்சூரன்ஸும் எடுத்துவிடுங்கள். முழு இன்சூரன்ஸ் உங்கள் பொறுப்பு. 500 குதிரைத்திறனுக்கு மேல் உள்ள வண்டி என்பதால், கையெழுத்துப் போடும் முன்பே பிரீமியம் எவ்வளவு என்று விசாரித்துவிட வேண்டும்; பின்னால் தெரிந்து பயனில்லை. பாதியில் விலகினால் மீதி வாடகையில் பாதிவரை கேட்பது சகஜம்.

மைலேஜைக் குறைத்துச் சொல்லி வாடகையை இறக்கப் பார்க்காதீர்கள். 30,000 மைலுக்கு ஒப்பந்தம் போட்டு 36,000 ஓடினால், மைலுக்கு 15 பென்ஸ் (0.15 பவுண்டு) வீதம் 900 பவுண்டு கடைசியில் வந்து நிற்கும். இப்போதைய வண்டியின் பழைய எம்ஓடி (வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனை) சான்றிதழ்களில் உங்கள் ஓட்டம் எவ்வளவு என்று பதிவாகியிருக்கும். அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

இந்த வண்டிக்கே உரிய செலவு டயரில் இருக்கிறது. 19 அங்குலச் சக்கரம். டயர் அளவு முன்னால் 245/35, பின்னால் 285/30. அளவு வேறு என்பதால் முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமப்படுத்த முடியாது. 2.9 லிட்டர் வி6 எஞ்சின் தரும் 600 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை முழுக்கப் பின்சக்கரத்துக்கே போவதால், பின் டயர்தான் முதலில் தேயும். பராமரிப்புத் திட்டம் வாங்கினால் அதில் டயர் உண்டா, பஞ்சர் உண்டா, அதே ரக டயர்தானா என்று எழுத்தில் வாங்குங்கள். இந்த வண்டியில் வழக்கமாக வரும் பைரெல்லி பி ஜீரோ கோர்ஸா டயருக்கு 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பிடிப்பு குறையும். குளிர்காலத்தில் தினமும் ஓட்டுவதாக இருந்தால் இன்னொரு செட்டுக்கும் பணம் ஒதுக்க வேண்டும். குளிரில் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாக நகர்த்தும்போது முன் டயர் தாவித் தாவிப் போகும், அது பழுதல்ல. ஸ்டெப்னி கிடையாது. வாரக்கணக்கில் நிறுத்திவைத்தால் பேட்டரி இறங்கிவிடும் என்பதால் ஒரு சார்ஜர் கைவசம் இருக்கட்டும்.

வண்டி வந்து இறங்கும்போது ஓட்டுநர் அவசரப்படுத்தினாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். நான்கு ரிம், முன்னால் தாழ்ந்திருக்கும் கார்பன் ஸ்ப்ளிட்டர், இரண்டு சாவி, எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் பார்த்து, குறையை டெலிவரி தாளிலேயே எழுதி, படம் எடுத்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

திருப்பிக் கொடுக்கும்போது பெரும்பாலும் பிவிஆர்எல்ஏ என்ற பிரிட்டிஷ் வாகன வாடகை, லீஸ் நிறுவனங்களின் சங்கத்தின் தேய்மான விதிகளை வைத்தே பார்ப்பார்கள். உலோகமோ பிரைமரோ தெரியாத 25 மில்லிமீட்டர் வரையிலான கீறலும், பெயின்ட் உடையாத 15 மில்லிமீட்டர் வரையிலான சொட்டையும் பொதுவாக ஏற்கப்படும். அலாய் ரிம் ஓரத்தில் மொத்தம் 50 மில்லிமீட்டர் உரசல்தான் எல்லை; இவ்வளவு மெல்லிய டயரில் ஒரே நடைபாதைக் கல் அதைத் தாண்டிவிடும். ஒப்பந்தம் முடிய 10 வாரம் இருக்கும்போதே நீங்களே சோதித்து, ரிம்மை நல்ல பட்டறையில் சரிசெய்துவிட்டால் அவர்கள் போடும் பில்லைத் தவிர்க்கலாம். சர்வீஸ் பதிவேடும் இரண்டாவது சாவியும் வண்டியோடு போக வேண்டும். இல்லையென்றால் அதற்கும் தனியாகப் பிடிப்பார்கள்.