பார்படோஸில் மாவு அரைத்த கதை

ஓய்வு பெற்று நியூஜெர்சியிலிருந்து கரீபியன் தீவான பார்படோஸுக்குக் குடிவந்தோம். வீடு, வங்கிக் கணக்கு எல்லாம் எப்படியோ முடிந்தது. படுத்தி எடுத்தது கிரைண்டர்தான். அமெரிக்காவில் வாங்கிய 110 வோல்ட் மெஷின். இங்கே 115 வோல்ட், அதே தட்டை முள் பிளக். அப்புறம் என்ன என்று உளுந்தைப் போட்டேன். கல் சோம்பலாகச் சுற்றியது. கொஞ்ச நேரத்தில் கருகல் வாடை.

அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. ஹெர்ட்ஸ் என்றால் மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை அலையடிக்கிறது என்ற கணக்கு; கிரைண்டர் மோட்டாரின் வேகம் அதைப் பொறுத்தது. டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. சரி, இந்தியாவும் 50 ஹெர்ட்ஸ்தானே! தங்கை வரும்போது கோயம்புத்தூர் கிரைண்டர் ஒன்றைக் கொண்டுவந்தாள். 500 வாட் ஸ்டெப்-அப் டிரான்ஸ்பார்மர் போட்டு 230 வோல்ட்டில் ஓட்டினேன். மாவு பந்து பந்தாக வந்தது. இந்த ஊர்ச் சூட்டுக்குச் சீக்கிரமே பொங்கியும் விட்டது.

அமெரிக்காவிலிருந்து வந்த, ஹெர்ட்ஸை எண்ணி ஓடும் பிளக் கடிகாரம் மட்டும் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்குகிறது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.