நியான் டெட்ராவுக்கு ஜோடி போதாது

நியான் டெட்ரா வாங்கும்போது ‘ஒரு ஜோடி போதுங்க’ என்று நிறுத்திவிடாதீர்கள். கூட்டமாக நீந்தும் மீன் அது. இரண்டு மட்டும் இருந்தால் செடிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, நிறம் மங்கி, தீனிக்குக்கூடத் தயங்கித்தான் வரும். குறைந்தது 6, முடிந்தால் 10 விடுங்கள். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி சரியாக இருக்கும். சுமார் 55 லிட்டர் பிடிக்கும்.

டைகர் பார்ப் என்ற கூட்ட மீனும் 8க்குக் குறையவே கூடாது, குறைந்தால் ஒன்றையொன்று விரட்டி வாலைக் கடிக்கும். மிஸ் கேரளா என்ற மீனைக் குட்டியில் பார்த்து மயங்கிச் சின்னத் தொட்டியில் விடுவது பாவம். அரை அடி வரை வளரும், 4 அடித் தொட்டி வேண்டும்.

அப்புறம் தண்ணீர். கோவையின் சிறுவாணித் தண்ணீர் நியானுக்கு ஒத்துப்போகும், குளோரினை மட்டும் நீக்கிவிடுங்கள். உங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்புக்கரித்தால், நியானைவிடத் தாக்குப்பிடிக்கும் சீப்ரா டேனியோ கூட்டமே நல்லது.