பித்தப்பையில் கல்: வீட்டில் செய்ய வேண்டியதும் கூடாததும்

ஸ்கேனில் பித்தப்பையில் கல் என்று தெரிந்த அன்று சாயந்திரமே மாடி வீட்டு அக்கா ஒரு சொம்பு வாழைத்தண்டுச் சாறு கொண்டுவந்தார். அன்பாகக் கொடுத்ததைக் குடித்தேன். ஆனால் வாழைத்தண்டும் சிறுபீளையும் சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லப்படுபவை. பித்தப்பை இருப்பது ஈரலுக்கு அடியில். அதிலிருக்கும் பித்தநீர் குடலுக்குத்தான் போகும். சிறுநீர்ப் பாதைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அடுத்து ஆலிவ் எண்ணெய் வைத்தியம். ஐந்து நாள் ஆப்பிள் ஜூஸ், ஆறாம் நாள் ராத்திரி எலுமிச்சைச் சாறு கலந்து அரை டம்ளர் எண்ணெய். மறுநாள் காலையில் பட்டாணி அளவில் பச்சை உருண்டைகள் வெளியே வந்தன. கல் வந்துவிட்டது என்று கண் கலங்கிவிட்டேன். டாக்டரிடம் காட்ட நாலைந்தைக் கழுவிக் கிண்ணத்தில் வைத்தேன். ஜன்னலோர வெயிலில் மதியத்துக்குள் இளகி, பிசுபிசுவென்று எண்ணெயாகிவிட்டன. குடித்த எண்ணெய்தான் வயிற்றுக்குள் சோப்பு மாதிரி திரண்டிருந்தது. மறு ஸ்கேனில் என் 8 மி.மீ. கல் அப்படியே இருந்தது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். எண்ணெய் உள்ளே போனதும் பித்தப்பை சுருங்கும். அப்போது சின்னக் கல் ஒன்று நகர்ந்து குழாயில் சிக்கினால் ஆபத்து.

கல்லைக் கரைக்கும் என்று நம்பிக் குடிக்கக்கூடிய கஷாயம் எதுவும் இல்லை. சிறிய கொழுப்புக் கற்களாக இருந்தால் சிலருக்கு டாக்டர் மாத்திரை தருவார், அதுவும் மாதக்கணக்கில். வலி வராமல் பார்த்துக்கொள்வதுதான் வீட்டில் நம் கையில் இருப்பது.

எனக்கு முதல் வலி ஒரு கல்யாண பிரியாணிக்கு அப்புறம், ராத்திரி 11 மணிக்கு வந்தது. வலது விலாவுக்கு அடியில் பிடித்து முதுகுப் பக்கம் தோள்பட்டை வரை இழுத்தது. அதனால் முதலில் எண்ணெயைத்தான் கட்டுப்படுத்தினேன். தினமும் காலையில் நாலு டீஸ்பூன் எண்ணெயைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்து வைப்பேன். தாளிப்பு, பொரியல், தோசை எல்லாம் அதற்குள்தான். பெரும்பாலும் இட்லி, இடியாப்பம். மதியம் பாசிப்பருப்பு போட்ட பீர்க்கங்காய்க் கூட்டு, கீரை. தேங்காய்ப்பால் குழம்பு, பரோட்டா, பஜ்ஜி கிடையாது. பாலில் ஏடு எடுத்துவிடுவேன்.

அதற்காக எண்ணெயை அடியோடு விட்டுவிடவும் வேண்டாம். பித்தப்பை சுருங்காமலே இருந்தால் பித்தநீர் தேங்கிக் கெட்டியாகும். பட்டினி கிடந்தாலும் இதேதான். ஆறு நாள் சஷ்டி விரதத்தை நான் நிறுத்திவிட்டேன். காலைச் சாப்பாட்டையும் தள்ளிப்போடுவதில்லை. உடம்பு சட்டென்று இளைத்தாலும் புதுக் கல் சேரும், வாரத்துக்கு அரை கிலோ குறைந்தால் போதும்.

லேசாக வலித்தால் எதுவும் சாப்பிடாமல் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் படுத்துவிடுவேன்.

ஆனால் சில மணி நேரமாகியும் வலி விடவில்லை, குளிர்காய்ச்சல் வருகிறது, கண் மஞ்சளாகிறது, சிறுநீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் போகிறது என்றால் ஆஸ்பத்திரிதான். மஞ்சள் காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டு மூன்று நாள் காத்திருப்பதுதான் எனக்குப் பெரிய பயம். கல் பித்தக் குழாயை அடைத்தாலும் கண் மஞ்சளாகும். அந்த அடைப்பைக் கீழாநெல்லி எடுக்காது. வழியில் காபிகூடக் குடிக்காமல், பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். அன்றைக்கே எண்டோஸ்கோப்பியோ ஆபரேஷனோ தேவைப்பட்டால் வயிறு காலியாக இருக்க வேண்டும்.